தேங்காய்ப்பட்டினத்துக்கு நேர் மேற்கே

லட்சத்தீவுக்கு விடுமுறை போக நினைக்கும் குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு

தேங்காய்ப்பட்டினம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரில் நின்று நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அது போய்த் தொடும் கரை லட்சத்தீவின் மினிக்காய்த் தீவு. தூரம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். சென்னை நமக்கு அதைவிட எட்டத்தில் இருக்கிறது. நாகர்கோவில்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். தூத்தூர் வட்டாரத்து மீனவர்களுக்கு அப்படியில்லை. வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, பூத்துறை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி, சுறாவும் சூரையும் தேடி அந்தக் கடலையும் தாண்டிப் போய்வருகின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனைக்குத் தெற்கே கடந்து மேற்கே போனபோது, தொழிலுக்குப் போயிருந்த நம் படகுகளில் பல லட்சத்தீவின் கரைகளில்தான் ஒதுங்கின. அடுத்த நாள்களில் அதே புயல் மினிக்காய், கல்பேனி தீவுகளை அடித்து, தென்னைகளை வேரோடு சாய்த்தது. அந்த நிலையிலும் கரையேறிய நம் ஆட்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தார்கள் தீவுக்காரர்கள்.

இதைச் சொல்லித் தொடங்கக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கரையில் நடக்கும் படங்கள் வெளிவந்தன. அதிலிருந்து வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீரும் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டன. கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஓய்வுபெற்றவர்களின் மாலை நடையிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. பேச்சு பெரும்பாலும் எவ்வளவு செலவாகும், எந்த ரிசார்ட் நல்லது என்பதிலேயே சுற்றுகிறது. போகிற இடம் ஆள் இல்லாத அழகான கரை என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே 2011 கணக்குப்படி 64,473 பேர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் நிலம், பெரிதும் சிறிதுமான முப்பத்தைந்து சொச்சம் தீவுகளையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர். குமரி மாவட்டம் தமிழ்நாட்டின் நெருக்கமான மாவட்டங்களில் ஒன்று என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேர். லட்சத்தீவில் அது இரண்டாயிரத்துக்கும் மேல். ஆள் குடியிருப்பது பத்துத் தீவுகளில் மட்டும். அவற்றில் மிகச் சிறியதான பித்ராவில் அந்தக் கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 271 பேர்.

ஆகவே இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர் ஹோட்டல் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் கப்பல், காற்று, கிணறு மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தீவு எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு நம் விடுமுறையை அமைத்துக்கொண்டால் பயணமும் நன்றாக அமையும்.

நம் கடலும் அந்தக் கடலும்

எழுபது கிலோமீட்டர் கடற்கரை வைத்திருக்கும் மாவட்டத்துக்காரர்கள் கடல் பார்க்க ஏன் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும்? சொத்தவிளையும் முட்டமும் சங்குத்துறையும் போதாதா? பார்ப்பதற்குப் போதும். இறங்கிக் குளிப்பதற்கு நம் கடல் ஆகாது. சுசீந்திரத்திலும் தக்கலையிலும் வளர்ந்த பிள்ளைகளில் பலர் குளத்தில் நீந்தப் பழகியவர்கள்; கடலில் முழங்கால் நனைத்ததோடு சரி. வீட்டில் பெரியவர்கள் அதற்குமேல் விட்டதில்லை, அவர்கள் செய்தது சரிதான். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. இங்கே காற்றே இல்லாத நாளில்கூட, தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய பேரலை சத்தமில்லாமல் வந்து கரையில் ஏறுவதுதான் கள்ளக்கடல். நம் கரைக்கும் அந்தத் தென்கடலுக்கும் நடுவே அதைத் தடுக்க ஒன்றுமில்லை.

லட்சத்தீவில் பவளப்பாறை தடுக்கிறது. கடலடியில் புதைந்துபோன பழைய எரிமலைத் தொடரின் முகட்டில், பவள உயிரிகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கட்டிய வளையங்கள் அவை. வளையத்தின் ஓர் ஓரத்தில், பெரும்பாலும் கிழக்கில், பவள மணல் சேர்ந்து மேடாகிய இடம்தான் தீவு. மேற்கே பாறைவிளிம்புக்கும் தீவுக்கும் நடுவே ஆழமில்லாத உள்கடல். லகூன் என்கிறார்களே, அது. வெளிக்கடலின் அலை பாறைவிளிம்பில் மோதி வெள்ளை நுரையாக உடைந்துவிடும். உள்ளே பல இடங்களில் நெஞ்சளவுத் தண்ணீர், அடியில் மணல் தெரியும். நீச்சல் தெரியாத அம்மாவும் எட்டு வயதுப் பிள்ளையும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து மீன் பார்க்கலாம். நிலம் 32 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும், இந்த உள்கடலின் மொத்தப் பரப்பு 4,200 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடற்கரையிலேயே பிறந்து கடலுக்குள் இறங்காத நமக்கு இந்த ஒன்றுக்காகவே போய்வரலாம்.

எப்போது போவது

நம்மில் பெரும்பாலோர் பள்ளி விடுமுறையை வைத்துத்தான் எதையும் முடிவு செய்கிறோம். ஆனால் நம் பெரிய விடுமுறையும் லட்சத்தீவின் பருவமும் பொருந்தவே பொருந்தாது. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை தென்மேற்குப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், வேகப் படகுகள் நிற்கும், சுற்றுலாவும் அநேகமாக மூடிவிடும். ஏப்ரல் கடைசி வாரம் தேர்வு முடிந்து மே முதல் வாரம் கிளம்பலாம் என்று நினைப்பவர்களுக்குக் கிடைப்பது ஒரு குறுகிய இடுக்கு. அதுவும் வெப்பம் உச்சத்தில் இருக்கும் நாள்கள்.

செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையில் கடல் அடங்கத் தொடங்கியிருக்கும், ஆனால் முழுக்க நம்ப முடியாது. அக்டோபர், நவம்பரில் நம் மாவட்டத்தில் மழை கொட்டுவதுபோல அங்கும் மழை உண்டு. அரபிக்கடலில் புயல் வரும் காலமும் அதுதான். ஒக்கி வந்தது நவம்பர் கடைசியில். அந்த மாதங்களில் போகிறவர்கள் வானிலை மையத்தின் அறிவிப்பைத் தினமும் பார்த்துக்கொண்டு, பயணத்தைத் தள்ளிப்போடவும் மனதைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அரையாண்டு விடுமுறை சரி. கூட்டமும் கட்டணமும் அப்போது கூடுதல். பிள்ளைகள் படித்து முடித்துப் போனவர்கள், ஓய்வுபெற்றவர்கள் ஜனவரி, பிப்ரவரியை எடுத்துக்கொள்ளட்டும். கடல் அமைதியாக, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும் மாதங்கள் அவை.

இன்னொரு நாள்காட்டியும் பார்க்க வேண்டும். தீவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் முஸ்லிம்கள். அண்மை ஆண்டுகளில் ரமலான் நோன்பு பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. அந்த மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகளை எதிர்பார்க்க முடியாது, ஊரின் நடையே மாறியிருக்கும். நோன்பு இருக்கும் மனிதர்களிடம் மதியச் சாப்பாட்டுக்கு நிற்பதைவிட, இரண்டு வாரம் முன்னாலோ பின்னாலோ போவது நமக்கும் அவர்களுக்கும் நல்லது.

அனுமதிச் சீட்டும் வில்லிங்டன் தீவும்

இந்தியக் குடிமக்களும் அனுமதிச் சீட்டு இல்லாமல் லட்சத்தீவில் கால் வைக்க முடியாது. 1967ஆம் ஆண்டின் விதிகள் அப்படி. அங்குள்ளவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் பட்டியல் பழங்குடியினர். அவர்களுடைய நிலமும் வாழ்வும் வெளியாரின் பணத்தில் கரைந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த வேலி அது. சிலருக்கு இது எரிச்சலாகப் படுகிறது. எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தோன்றவில்லை. இப்போது இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை, புகைப்படம், எந்தத் தீவு, எங்கே தங்குவது என்ற விவரம் எல்லாம் கேட்பார்கள். தங்குமிடம் முடிவாகாமல் அனுமதி நகராது என்பதால் இதை முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். குறைந்தது இரண்டு மாத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி இரண்டு. ஒன்று விமானம்: கொச்சியிலிருந்து அகத்தித் தீவு வரை ஒன்றரை மணி நேரம். அகத்தி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,200 மீட்டர் நீளம்தான், இரண்டு பக்கமும் கடல். சின்ன விமானங்கள் மட்டுமே இறங்க முடியும், இருக்கைகளும் குறைவு. அகத்தியிலிருந்து பங்காரத்துக்கோ கவரத்திக்கோ கடமத்துக்கோ படகில் போக வேண்டும். முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்த வழி நல்லது.

மற்றது கப்பல். நான் கப்பலையே சொல்வேன். கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஆறேழு மணி நேரத்தில் எர்ணாகுளம். அந்த ரயில் ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்து நிலையம் வரை ஓடியது. பெயரில் உள்ள தீவு அந்த நிலையம் இருக்கும் வில்லிங்டன் தீவு. துறைமுகத்தைத் தோண்டிய மண்ணைக் கொட்டி ஆங்கிலேயர் உருவாக்கிய இடம் அது. லட்சத்தீவு நிர்வாகத்தின் கொச்சி அலுவலகமும் கப்பல் ஏறும் துறையும் இன்றும் அங்கேதான். கப்பல் பிற்பகலிலோ மாலையிலோ கிளம்பும். தீவைப் பொறுத்து பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம். எம்.வி. கவரத்தி பெரிய கப்பல், எழுநூறு பேர் போகலாம். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பகலில் பார்த்து இரவில் கப்பலிலேயே தூங்கும் 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் பயணம் அந்தக் கப்பலில் வெகுகாலம் நடந்துவந்தது. நீங்கள் போக நினைக்கும் மாதத்தில் அது ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கப்பல் டிக்கெட் விஷயத்தில் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நமக்கு அது உல்லாசக் கப்பல். தீவுக்காரர்களுக்கு அதுதான் பஸ். கேரளத்தில் படிக்கும் பிள்ளைகள், கொச்சியில் சிகிச்சைக்கு வந்துபோகும் நோயாளிகள், பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு திரும்புகிறவர்கள் எல்லாரும் அதில்தான் போகிறார்கள். அரிசி, காய்கறி, எரிவாயு சிலிண்டர் எல்லாம் கடல் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அண்மை ஆண்டுகளில் பழைய கப்பல்கள் நிறுத்தப்பட்டு, பயணச்சீட்டு கிடைக்காமல் தீவுக்காரர்களே கொச்சியில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஆகவே சுற்றுலாவுக்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டும் போவதே முறை. ஏஜென்ட் ஒருவர் ஊர்க்காரர்களுக்கான இடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"ஏ மக்கா, கப்பல்ல போனா வாந்தி வருமாடே?" ஊரில் இந்தப் பேச்சை எடுத்ததும் சித்தப்பாக்கள் கேட்கும் முதல் கேள்வி இது. ஜனவரிக் கடலில் பெரும்பாலும் வராது. வாந்தி வருகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். வயிறு முட்டச் சாப்பிடாமல், மேல்தளத்தில் காற்றில் நின்று தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி சரியாகும். உண்மையில் கஷ்டம் கப்பலில் இல்லை, இறங்குவதில் இருக்கிறது. பல தீவுகளில் பெரிய கப்பல் கரையை அணைய முடியாது. பவளப்பாறைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து பாப்லோ என்னும் சின்ன மோட்டார் படகுகள் வந்து கப்பலின் பக்கவாசலில் ஒட்டும். கப்பல் அசையாமல் நிற்க, படகு அலையோடு ஏறும், இறங்கும். வாசலில் இரண்டு பேர் உங்கள் இரு கைகளையும் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வார்கள். படகு மேலே எழும் நொடியில் சத்தம் கொடுப்பார்கள். அப்போது கால் வைத்துவிட வேண்டும், யோசிக்கக் கூடாது. கீழே இன்னும் இரண்டு பேர் வாங்கிக்கொள்வார்கள். எண்பது வயதுப் பாட்டிகளும் கைக்குழந்தைகளும் இப்படித்தான் இறங்குகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள், சேலை கட்டியவர்கள் இதை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பை முதுகில் இருக்கட்டும், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். இருபது பேர் வேன் எடுத்து, சமையல் சாமானும் சமையல்காரரும் சேர்த்து ஏற்றிப் போகும் நம் ஊர்ப் பயணப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டியதுதான்.

எந்தத் தீவு

பத்துத் தீவையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒன்றோ இரண்டோ போதும். நீச்சலும் முக்குளிப்பும் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்குக் கடமத் நல்லது. எட்டு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் சொச்சம் அகலம், நல்ல உள்கடல். பங்காரத்தில் குடியிருப்பு இல்லை, சுற்றுலாவுக்கான தீவு அது; மது அனுமதிக்கப்பட்டதும் அங்கே மட்டும்தான். மற்றத் தீவுகளில் மதுவிலக்கு. கையில் எடுத்துப்போகவும் கூடாது. இதைக் கேட்டதும் முகம் சுருங்குகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது. கவரத்தி தலைநகர், அலுவலகங்களின் தீவு.

நமக்கு நேர் எதிரே இருப்பதாலோ என்னவோ, என் மனது மினிக்காயைத்தான் சொல்கிறது. மற்றத் தீவுகளிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி, தெற்கே தனியாகக் கிடக்கிறது. மாலத்தீவின் வடகோடி அங்கிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். மற்ற ஒன்பது தீவுகளில் மலையாளத்தின் ஒரு வகையைப் பேச, மினிக்காய்க்காரர்கள் பேசும் மஹல் மாலத்தீவின் மொழியே. மாலத்தீவுப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்துத் திரும்பிய ஆசிரியர்கள் நம் மாவட்டத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தீவில் பாதிப் பேச்சு புரியும்.

பிறை வடிவத் தீவு அது. ஊர் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தலைவர்கள், பொது வீடு, ஜஹாதோணி என்னும் நீண்ட பந்தயப் படகு. சொத்தும் குடும்பமும் தாய்வழி. மருமக்கள்வழி முறையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இதைப் பற்றி அங்கே உட்கார்ந்து பேச நிறைய இருக்கும். ஆண்களில் பலர் உலகக் கப்பல்களில் மாலுமிகள். ஊரில் பெண்களின் நிர்வாகம் கண்ணுக்குத் தெரியும். தெற்குக் கோடியில் 1885இல் ஆங்கிலேயர் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. கொழும்புக்குப் போகும் கப்பல்கள் இந்தப் பாறைகளில் மோதிப் போனதால் எழுப்பியது. உச்சியில் ஏறினால் பிறையின் முழு வடிவமும், உள்கடலின் பச்சையும், பாறைவிளிம்புக்கு அப்பால் சட்டென்று கருநீலமாகும் கடலும் தெரியும்.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது சூரை மீன்பிடி. இங்கே வலை போட்டு அள்ளுவதில்லை, தூண்டில் கம்புதான். விடியற்காலையில் உள்கடலில் பவளப்பாறை ஓரமாகச் சிறு மீன்களைப் பிடித்து, படகின் அடியில் கடல்நீர் ஓடும் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வார்கள். வெளிக்கடலில் சூரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் அந்தச் சிறு மீன்களை வாரி இறைப்பார்கள், தண்ணீரையும் தூவுவார்கள். மேலே மீன் துள்ளுகிறது என்று நினைத்துக் கூட்டம் கொதித்து எழும். படகின் பின்பக்கத்தில் வரிசையாக நிற்பவர்கள் கம்பை நீட்டுவதும் வீசுவதும் ஒரே அசைவு. கொக்கியில் முள் கிடையாது. மீன் தலைக்கு மேலே பறந்து தளத்தில் விழும்போதே கழன்றுவிடும், கம்பு மறுபடி தண்ணீரில் இருக்கும். தூத்தூர்த் தூண்டில்காரர்களின் தொழிலை மதிக்கிறவர்களுக்கு இந்தக் கைவேகம் பிடிபடும். உள்கடலில் அந்தச் சிறு மீன் இல்லாவிட்டால் தீவின் தொழிலே நின்றுவிடும். சிறு மீனுக்குப் பவளப்பாறை வேண்டும்.

பிடித்த சூரையை நீளவாக்கில் பிளந்து, உப்புநீரில் வேகவைத்து, புகைபோட்டு, கத்தி இறங்காத அளவுக்கு வெயிலில் காயவைத்தால் மாசி. காயல்பட்டினத்து அடுக்களைகளிலும் இலங்கைச் சம்பலிலும் மணக்கும் அதே மாசி. ஊருக்கு வாங்கிவர இதைவிட நல்ல பொருள் அங்கே கிடையாது. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பருப்பு, தேங்காய், முட்டைக்கோஸோடு சமாளிக்க வேண்டியிருக்கும். காய்கறி கப்பலில் வருவது.

கிணற்றில் எவ்வளவு தண்ணீர்

தீவுகளில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. நிலம் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று ஆள் உயரம்கூட இல்லை. மழைத்தண்ணீர் பவள மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அவ்வளவுதான் குடிதண்ணீர். கடல் ஏறும்போது கிணற்று நீரும் ஏறும், இறங்கும்போது இறங்கும். மோட்டார் வைத்து ஒரே இடத்தில் உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு மேலே வந்துவிடும். கழிவுநீர் இறங்கினால் மணலில் வடிகட்ட ஆழமில்லை.

இதற்கு ஒரு தீர்வு நம் மாநிலத்திலிருந்து போனது. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் ஓர் ஆலை அமைத்தது. தீவைத் தாண்டியதும் கடல் செங்குத்தாக ஆழமாவதால், கரையிலிருந்தே குழாய் போட்டு 350 மீட்டர் ஆழத்துக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவர முடிகிறது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்று நீக்கிய அறைக்குள் விட்டு ஆவியாக்கி, அந்தக் குளிர்நீரால் ஆவியைத் திரும்பத் தண்ணீராக்குகிறார்கள். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர். 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும் இதேபோல ஆலைகள் வந்தன. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் கவரத்தியின் மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஒன்பது லிட்டர். விடுதியில் ஷவரைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றால் அதைப்போல நான்கைந்து பேரின் பங்கு போய்விடும். வாளியில் பிடித்துக் குளிக்கும் வழக்கம் நமக்கு உள்ளதுதானே, அதை அங்கேயும் வைத்துக்கொண்டால் போதும். குடிக்கப் பாட்டில் பாட்டிலாக வாங்காமல் ஆளுக்கொரு எவர்சில்வர் புட்டி எடுத்துப் போங்கள். குப்பை கொட்ட அங்கே இடமில்லை. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மாலத்தீவுபோலத் தண்ணீர்மேல் மாளிகைகள் கட்டி லட்சத்தீவை வளர்க்கலாம் என்ற பேச்சு இப்போது வலுக்கிறது. 2021இல் நில மேம்பாட்டுக்கான வரைவு விதிகள் வந்தபோது தீவுகளில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. கேரள சட்டமன்றம் அவர்களுக்கு ஆதரவாக அதே ஆண்டு மே 31 அன்று தீர்மானம் போட்டது. வேலைவாய்ப்பு வேண்டும் என்று சொல்லும் தீவு இளைஞர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கிணற்றுக் கணக்கைப் பார்த்தபிறகு பெரிய ரிசார்ட்டுகளை என்னால் ஆதரிக்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இரண்டு அறையை ஒழித்துக் கொடுக்கும் தங்குமிடங்கள் பெருகட்டும். பணம் அந்த வீட்டுக்கே போகும், தண்ணீரை எவ்வளவு செலவழிக்கலாம் என்று வீட்டுக்காரம்மாவே நம்மிடம் சொல்லிவிடுவார். அனுமதிக்கு அவர்களே உதவுவதும் உண்டு.

பவளத்தை மிதிக்காமல்

1998, 2010, 2016, மறுபடி 2024. கடல்நீர் அளவுக்குமீறிச் சூடேறி லட்சத்தீவின் பவளங்கள் வெளுத்துப்போன ஆண்டுகள் இவை. பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிகள் சூட்டில் வெளியேறிவிடுகின்றன. நிறம் போய், சில வாரங்களில் வெப்பம் தணியாவிட்டால் உயிரும் போகிறது. பாறை நொறுங்கினால் அலை உள்ளே வரும், மணல் அரிக்கும். பங்காரத்தை அடுத்த பரளி என்ற குட்டித் தீவு அரிப்பில் கரைந்தே போனது. ஆகவே தண்ணீரில் இறங்கும்போது கால் ஊன்றுவது மணலில் இருக்கட்டும். ஒரு பவளக் கொம்பு விரல் நீளம் வளரச் சில ஆண்டுகள் ஆகலாம், ஒரு மிதியில் ஒடியும்.

கன்னியாகுமரிக் கடைத்தெருவில் சங்கும் சிப்பியும் பேரம் பேசி வாங்கிப் பழகிய நமக்கு, கரையில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளக் கை போகும். போடாதீர்கள். பவளம் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்ந்து இருக்கிறது. செத்த துண்டாக இருந்தாலும் திரும்பும்போது சோதனையில் மாட்டினால் வழக்குத்தான்.

உடை விஷயம் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர்த் தெருவில் நடக்கும் உடையே போதும். நீச்சல் உடை தங்குமிடத்துக் கரையோடு நிற்கட்டும். வீடுகளையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கொச்சியிலிருந்து கடலடிக் கம்பிவடம் 2024 ஜனவரியில் வந்தபிறகு இணையம் மேம்பட்டிருக்கிறது. என்றாலும் கொஞ்சம் ரொக்கம் கையில் வேண்டும். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்துப் போங்கள். கடுமையான நோய் என்றால் தீவுக்காரர்களையே ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அண்மையில் இதய அறுவை செய்துகொண்டவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கடைசியாகத் திரும்பும் டிக்கெட். காற்று மாறினால் கப்பல் தாமதமாகும், சில சமயம் நாளே தள்ளிப்போகும்; யாரையும் கோபித்துப் பயனில்லை. எர்ணாகுளத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் ரயிலைக் கப்பல் வந்துசேரும் அன்றைக்கே போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விட்டுப் போடுங்கள். கப்பல் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டால், மட்டாஞ்சேரியை நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுநாள் வண்டி ஏறலாம்.